ஆப்ல 4 மேக்னு காட்டுது, வானத்துல வால்நட்சத்திரம் தெரியலையே ஏன்? அதோட வெளிச்சத்தை நாமளே அளக்கறது எப்படி?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். ஆப்ல காமெட் (வால்நட்சத்திரம்) 4 மேக்னிட்யூட்னு போட்டிருந்துச்சு (மேக்னிட்யூட், சுருக்கமா மேக், வெளிச்சத்தோட அளவு, நம்பர் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்), 4 மேக் நட்சத்திரம் எல்லாம் ஊர்ல நல்லாவே தெரியுது, ஆனா காமெட் மட்டும் எவ்ளோ நேரம் மொட்டை மாடியில நின்னாலும் தெரியலையே, ஏன்? அடுத்தது, அதோட வெளிச்சம் நாளுக்கு நாள் மாறுதுன்னு சொல்றாங்களே, அதை பெரிய டெலஸ்கோப் எல்லாம் இல்லாம நாமளே அளக்க முடியுமா, அளந்தா யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

அளக்க முடியும், ஒரு சாதா 10×50 பைனாகுலர் போதும். பிரயோஜனமும் நிறைய உண்டு, அதுக்கு ஒரு நிஜ சம்பவத்தையே கீழ சொல்றேன். ஆனா முதல் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கணும், ஏன்னா அந்த 4ங்கிற நம்பர் எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சாதான் அளக்கற முறையும் புரியும்.

நட்சத்திரம் ஒரு புள்ளி. அதோட வெளிச்சம் மொத்தமும் அந்த ஒரே புள்ளியில இருக்கு. காமெட் அப்படி இல்ல, நடுவுல சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஐஸும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி, சூரியன் சூடு பட்டு அதுல இருந்து கிளம்புற வாயுவும் தூசியும் அதைச் சுத்தி லட்சம் கிலோமீட்டர் கணக்குல பரவி நிக்குது, இதைத்தான் கோமாங்கறாங்க, நம்ம கண்ணுக்கு மங்கலான பஞ்சு உருண்டை மாதிரி தெரியறது இதுதான். ஆப்ல போடற 4 மேக், இந்த கோமா முழுக்கப் பரவிக் கிடக்கற வெளிச்சத்தை எல்லாம் கூட்டிப் பெருக்கி ஒரே புள்ளியில குவிச்சா எவ்ளோ இருக்குமோ அது. ஒரு ஸ்பூன் நெய்யை ஒரு இட்லி மேல விட்டா பளபளன்னு தெரியும், அதே ஒரு ஸ்பூனை பேப்பர் ரோஸ்ட் முழுக்கத் தடவுனா நெய் போட்டாங்களான்னே தெரியாது, ரெண்டுலயும் நெய் அளவு ஒண்ணுதான். காமெட் எவ்ளோ பெருசா விரிஞ்சிருக்கோ அந்த அளவுக்கு வானத்தோட சாம்பல் வெளிச்சத்துல கரைஞ்சு போயிடும்.

இதை நீங்களே சோதிச்சுப் பாக்கலாம். முக்கோண விண்மீன் குழுவுல இருக்கற எம்33 கேலக்ஸியோட மொத்த மேக்னிட்யூட் 5.7. ஆனா அது முழு நிலாவை விட அகலம். 5.7 மேக் நட்சத்திரம் ஒரு நல்ல கிராமத்து வானத்துல வெறும் கண்ணுக்கே தெரியும், எம்33ஐ வெறும் கண்ணால பாக்க மலை உச்சி மாதிரி படு இருட்டான இடம் வேணும், டவுன்ல பைனாகுலர்லயே சிக்காது. அதனால நம்பரை மட்டும் பாத்துட்டு வெளிய போகாதீங்க, கோமா எவ்ளோ பெருசு, எவ்ளோ அடர்த்தின்னும் பாருங்க. சென்னை, கோவை மாதிரி சிட்டி வானத்துல 4 மேக் காமெட் பெரும்பாலும் பைனாகுலர் கேஸ்தான், வெறும் கண்ணு கேஸ் இல்ல.

இன்னொண்ணு உயரம். பிரகாசமான காமெட் பெரும்பாலும் சூரியனுக்குப் பக்கத்துலதான் இருக்கும், அதனால அந்தி வெளிச்சத்துல அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். அடிவானத்துல இருந்து 10 டிகிரி உயரத்துல பாக்கறப்போ, தலைக்கு மேல பாக்கறதை விட அஞ்சு மடங்குக்கு மேல காத்து வழியா வெளிச்சம் வரணும், ஒரு மேக்னிட்யூட்டுக்கு மேல அதுலயே போயிடும், கடலோர ஊர்ல ஈரப்பதமும் சேர்ந்தா இன்னும் மோசம். ஆப்ல போட்டிருக்கற 4ல இந்த நஷ்டம் எதுவும் கழிக்கப்பட்டிருக்காது.

சரி, அந்த 4ஐ ஆப் எங்கிருந்து எடுக்குது? யாரோ அன்னிக்கு ராத்திரி அளந்து போட்டதில்ல, பல ஆப்புல அது வெறும் ஃபார்முலா. காமெட் சூரியன்ல இருந்து எவ்ளோ தூரம், பூமியில இருந்து எவ்ளோ தூரம், இந்த ரெண்டு தூரத்தையும் போட்டு கணக்கு பண்றாங்க. பூமிக்குத் தூரம் பாதியானா வெளிச்சம் 4 மடங்கு, அதாவது 1.5 மேக் கூடும் (நம்பர் 1.5 குறையும்), இது சாதாரண ஜியோமெட்ரி, இதுல சந்தேகமே இல்ல. சூரியனுக்குத் தூரம் பாதியானா? இங்கதான் கதையே. காமெட் வெறும் கல்லா இருந்தா இதுவும் 4 மடங்குதான் ஆகணும். ஆனா கிட்ட வர வர சூடு ஏறி வாயுவும் தூசியும் கூடுதலா கொட்டுது, அதனால சராசரி காமெட்டுக்கு 16 மடங்கு, அதாவது 3 மேக் கூடும்னு வச்சுக்கறாங்க. சூரியன், பூமி ரெண்டுல இருந்தும் ஒரு ஏ.யூ. தூரத்துல (ஒரு ஏ.யூ.ங்கறது சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல உள்ள தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர்) 6 மேக் இருக்கற காமெட், பூமி தூரம் மாறாம சூரியனை மட்டும் அரை ஏ.யூ.வுக்கு நெருங்குனா 3 மேக் ஆகும், 2 ஏ.யூ.வுக்குத் தள்ளிப் போனா 9 மேக் ஆகும். இந்த 16 மடங்குங்கறது ஒரு வழக்கமான ஊகம், அவ்ளோதான். ஒவ்வொரு காமெட்டும் தன் இஷ்டத்துக்கு 8 மடங்கோ 30 மடங்கோ ஏறும், பாதி வழியில மனசு மாறி நின்னும் போயிடும்.

மனசு மாறுனதுக்கு ரொம்பப் பேர் போன உதாரணம் 1973ல வந்த கோஹூடெக். அந்த வருஷம் மார்ச் மாசம் கண்டுபிடிச்சப்போ வியாழன் கிரகத்தோட தூரத்துல இருக்கறப்பவே நல்ல வெளிச்சமா இருந்துச்சு, ஃபார்முலால போட்டுப் பாத்தா டிசம்பர் கடைசியில சூரியனை நெருங்கறப்போ பகல்லயே தெரியும்னு வந்துச்சு, நூற்றாண்டின் வால்நட்சத்திரம்னு உலகம் பூரா எழுதுனாங்க. கடைசியில வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சுது, ஆனா ஜனங்க எதிர்பார்த்ததுல பக்கத்துல கூட வரல. காரணம், அது ஊர்ட் மேகத்துல (சூரியக் குடும்பத்தோட வெளி விளிம்புல காமெட்டுங்க கிடக்கற பகுதி) இருந்து முதல் தடவையா உள்ள வந்த காமெட். அப்படிப்பட்டதுக்கு மேல்தோல்ல சீக்கிரம் ஆவியாகற கார்பன் மோனாக்சைடு மாதிரி சரக்கு நிறைய இருக்கும், தண்ணி ஐஸ் ஜோரா ஆவியாகணும்னா சுமார் 3 ஏ.யூ.வுக்குள்ள வரணும், ஆனா அந்த மேல்தோல் சரக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே கிளம்பிடும். அதனால தூரத்துல பிரமாதமா காட்டிட்டு, கிட்ட வர்றப்போ அந்தத் தோல் தீர்ந்து மந்தமாயிடும். இப்பவும் ஒரு புது காமெட் 5, 6 ஏ.யூ.ல கண்டுபிடிச்ச உடனே யூடியூப்ல தம்ப்நெயில் போட ஆரம்பிச்சிடறாங்க, அது முதல் தடவை வர்றதா திரும்பி வர்றதான்னு பாக்காம அந்த மாதிரி வீடியோவை நம்பறதுல அர்த்தமே இல்ல.

இப்போ முன்ன சொன்ன சம்பவத்துக்கு வர்றேன். 2019 டிசம்பர் 28ல அட்லஸ்ங்கற வானத்தைத் துழாவற சர்வே ஒரு காமெட் கண்டுபிடிச்சுது, சி/2019 ஒய்4. 2020 தொடக்கத்துல இருந்து மார்ச் நடு வரைக்கும் அது ஏறுன வேகம் பயங்கரம், அதே வேகத்துல போனா மே மாசக் கடைசியில வெள்ளி கிரகத்துக்குப் போட்டியா வரும்னு கூட கணக்கு போட்டாங்க. அப்போ உலகம் பூரா அமெச்சூர் ஆளுங்க பைனாகுலர், சின்ன டெலஸ்கோப் வச்சு ராத்திரிக்கு ராத்திரி மேக்னிட்யூட் அளந்து போட்டுட்டு இருந்தாங்க. மார்ச் கடைசியில அந்த லைட் கர்வ் (நாளுக்கு நாள் வெளிச்சம் மாறறதைக் காட்டற கோடு) மேல போறதை நிறுத்திட்டு மடங்க ஆரம்பிச்சுது. அது சூரியனையும் நெருங்குது, பூமியையும் நெருங்குது, ரெண்டு வகையிலயும் வெளிச்சம் கூடியே ஆகணும், ஆனா குறையுது, அப்போ உள்ள ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஏப்ரல் முதல் வாரத்துல போட்டோவுல நடுப்பகுதி புள்ளியா இல்லாம நீளமா இழுபட்டுத் தெரிய ஆரம்பிச்சுது, ஏப்ரல் 20, 23 தேதிகள்ல ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படத்துல அது டஜன் கணக்குல துண்டா உடைஞ்சு கிடந்துச்சு. ஹப்பிள் படம் எடுக்கறதுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே அந்த கர்வ்ல அறிகுறி இருந்துச்சு பாருங்க, அதுல பெரும்பகுதி புள்ளி வீட்டு மாடியில நின்னு அளந்தவங்க போட்டது. உங்க ரெண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்கிட்ட இல்ல.

எதிர் உதாரணமும் உண்டு. 2007 அக்டோபர் 24ல ஹோம்ஸ்னு ஒரு காமெட், சூரியனை விட்டு விலகிப் போய்க்கிட்டு இருந்த ஒண்ணு, 17 மேக்ல கிடந்தது ரெண்டு நாளுக்குள்ள 2.8 மேக் ஆச்சு, அதாவது சுமார் அஞ்சு லட்சம் மடங்கு வெளிச்சம். பெர்சியஸ் குழுவுல புதுசா ஒரு நட்சத்திரம் முளைச்ச மாதிரி வெறும் கண்ணுக்கே நின்னுச்சு, வால் கூட இல்ல. அதை 1892ல எட்வின் ஹோம்ஸ் கண்டுபிடிச்சப்பவும் அது இப்படி வெடிச்சிருந்த நேரம்தான். எந்த ஃபார்முலாவாலயும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

நம்ம ஊர்ல நிறைய பேர் பாத்தது 2024ல வந்த சூசின்ஷான்-அட்லஸ். அதுவும் ஊர்ட் மேகத்துல இருந்து வந்தது, அந்த வருஷம் நடுவுல அதோட வெளிச்சம் ஏறாம தேங்கி நின்னுச்சு, ஜூலையில காமெட் ஆராய்ச்சியில பழம் தின்னு கொட்டை போட்ட செகனினா, இது சூரியனை நெருங்கறதுக்கு முன்னாடியே சிதறிடும்னு பேப்பரே எழுதிட்டார். சிதறல. செப்டம்பர் 27ல சூரியனை 0.39 ஏ.யூ.ல சுத்திட்டு வந்து, அந்த வாரம் விடியற்காலையில கிழக்குல அழகா நின்னுச்சு. அப்புறம் அக்டோபர் 9 வாக்குல கிட்டத்தட்ட சூரியனுக்கும் நமக்கும் நடுவுல வந்துச்சு, அந்த நேரத்துல அதோட மேக்னிட்யூட் மைனஸ் 4ஐத் தாண்டிப் போச்சு. அது காமெட் திடீர்னு அதிகமா தூசி கக்குனதால இல்ல. தூசித் துகள் தன் மேல படற வெளிச்சத்தைப் பின்னாடி திருப்பறதை விட முன்பக்கமா சிதறடிக்கறதுதான் ரொம்ப அதிகம், சூரியன், காமெட், நாம மூணும் ஒரே கோட்டுல வர்றப்போ அந்த முன்பக்க வெளிச்சம் நேரா நம்ம மேல விழுது. சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்ததால அதை சூரியனைக் கண்காணிக்கற சோஹோ விண்கலத்தோட கேமராதான் நல்லா பாத்துச்சு. நாலு நாள் கழிச்சு சாயங்கால வானத்துக்கு வந்தப்போ அந்த போனஸ் போயிடுச்சு, மாசக் கடைசிக்குள்ள வெறும் கண்ணோட எல்லைக்கே போயிடுச்சு. அப்போதான் சென்னையில மழையும் கொட்டுச்சு, 17ஆம் தேதி பௌர்ணமி வேற. நான் இதை எதுக்குச் சொல்றேன்னா, மேக்னிட்யூட் கர்வ்ல ஒரு மேடு வந்தா உடனே வெடிப்புன்னு முடிவு பண்ணக்கூடாது, ஜியோமெட்ரி என்னன்னு முதல்ல பாக்கணும்.

இப்போ அளக்கறது.

அடிப்படை யோசனை ரொம்ப எளிமை. நட்சத்திரங்களோட மேக்னிட்யூட் துல்லியமா தெரியும், காமெட்டோடது தெரியாது, பக்கத்துல இருக்கற நட்சத்திரத்தோட ஒப்பிட்டுச் சொல்லணும். சிக்கல், ஒண்ணு புள்ளி, இன்னொண்ணு பஞ்சு, ரெண்டையும் எப்படி ஒப்பிடறது? பைனாகுலரோட ஃபோகஸை வேணும்னே கலைச்சு நட்சத்திரத்தையும் பஞ்சாக்கிடணும். இதுக்கு மூணு முறை புழக்கத்துல இருக்கு. சிட்விக் முறையில காமெட்டை ஃபோகஸ்ல வச்சே நல்லா பாத்து அதோட அளவையும் சராசரி வெளிச்சத்தையும் மனசுல பதிச்சுக்கணும், அப்புறம் நட்சத்திரத்தை ஃபோகஸ் கலைச்சு அதே அளவு வட்டம் ஆக்கி ரெண்டையும் ஒப்பிடணும், நடுவுல கெட்டியா இல்லாம பரவலா இருக்கற காமெட்டுக்கு இது நல்லது. பாப்ராவ்னிக்காஃப் முறையில ரெண்டையும் ஒரே அளவுக்குக் கலைக்கணும், நடு ரொம்ப கெட்டியா, நட்சத்திரம் மாதிரி இருக்கற காமெட்டுக்கு ஏத்தது. மாரிஸ் முறை ரெண்டுக்கும் நடுவுல: காமெட்டோட நடு மேடு சமனாகற வரைக்கும் மட்டும் லேசா கலைச்சு, அந்த அளவை ஞாபகம் வச்சுக்கிட்டு, நட்சத்திரத்தை அதே அளவு வர்ற வரைக்கும் இன்னும் அதிகமா கலைக்கணும். எனக்கு மாரிஸ்தான் கை வந்தது, பெரும்பாலான காமெட் அந்த நடு ரகம்தான். ஆனா ஆரம்பிக்கறவங்க சிட்விக்ல ஆரம்பிங்க, அதுலதான் கண்ணு பழகும்.

உதாரணத்துக்கு அந்த 2024 அக்டோபர் 20 வாக்குல எடுத்துக்கங்க, காமெட் ஓஃபியூக்கஸ் குழுவுக்குள்ள வந்திருந்துச்சு, நிலா எட்டு மணிக்கு மேலதான் எழும்பும்கறதால ஏழு மணிக்கு வானம் இருட்டா கிடைச்சுது. முதல்ல கண்ணு இருட்டுக்குப் பழகணும், இருபது நிமிஷமாவது, போன் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும். பைனாகுலரை கையில பிடிச்சா ஆடும், ட்ரைபாட் இருந்தா மாட்டுங்க, இல்லன்னா கைப்பிடிச் சுவத்துல முழங்கையை ஊனிக்கங்க. காமெட்டைப் பிடிச்சதும் நேரா முறைக்காதீங்க, கொஞ்சம் ஓரக்கண்ணால பாருங்க, மங்கலான விளிம்பு அப்போதான் தெரியும், கோமா நீங்க முதல்ல நினைச்சதை விடப் பெருசுன்னு புரியும். இப்போ ஒப்பிட நட்சத்திரம் வேணும். ஈட்டா ஓஃபியூக்கி 2.4 மேக், வெள்ளை. காமா ஓஃபியூக்கி 3.7, அதுவும் வெள்ளை. டெல்டா ஓஃபியூக்கி கிட்டயே பளிச்சுன்னு 2.7ல இருக்கும், ஆனா அதை எடுக்காதீங்க, அது சிவப்பு நட்சத்திரம். இருட்டுல நம்ம கண்ணு சிவப்பையும் வெள்ளையையும் ஒரே மாதிரி எடை போடாது, பாக்கப் பாக்க சிவப்பு பிரகாசமாயிட்டே போற மாதிரி தோணும், அளவு தப்பிடும்.

காமெட்டை மனசுல வச்சுக்கிட்டு ஈட்டாவுக்குப் போய் ஃபோகஸ் சக்கரத்தை மெதுவா திருப்புங்க, புள்ளி வட்டமா விரியும், காமெட் அளவு வந்ததும் நிறுத்துங்க. இது காமெட்டை விட பளிச்சுன்னு இருக்கா? ஆமா. அப்போ காமெட் 2.4ஐ விட மங்கல். அதே கலைச்ச ஃபோகஸ்ல காமாவுக்குப் போங்க, காமெட்டை விட மங்கலா இருக்கா? ஆமா. அப்போ 3.7ஐ விட பளிச். இப்போ ரெண்டுக்கும் நடுவுல எங்க? ஈட்டாவுல இருந்து காமாவுக்கு பத்து படின்னு வச்சா காமெட் நாலாவது படியில இருக்கற மாதிரி தோணுதுன்னு வைங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 1.3, அதுல பத்துல நாலு 0.52, 2.4ஓட கூட்டுனா 2.9. அதான் உங்க அளவு. சக்கரத்தை பழையபடி திருப்பி இன்னொரு தடவை, முடிஞ்சா வேற ஜோடி நட்சத்திரத்தோட பண்ணுங்க. ரெண்டும் 0.2, 0.3 வித்தியாசத்துக்குள்ள வந்தா நல்லா அளந்திருக்கீங்கன்னு அர்த்தம், அனுபவசாலிங்க ரெண்டு பேருக்குள்ளயே அந்த வித்தியாசம் வரும்.

இதுல கவனிக்க வேண்டியது, ஒப்பிடற நட்சத்திரம் காமெட் இருக்கற அதே உயரத்துல இருக்கணும். காமெட் அடிவானத்துல இருந்து 12 டிகிரியில, நட்சத்திரம் 45 டிகிரியில இருந்தா, காத்து தின்ன வெளிச்சம் ரெண்டுக்கும் வேற வேற, காமெட்டை நிஜத்தை விட மங்கலா எழுதிடுவீங்க. ஒரே உயரத்துல எடுத்தா இந்தக் கணக்கே தேவையில்ல. அப்புறம் கருவி, காமெட் சுலபமா தெரியற மிகச் சின்ன கருவியை எடுங்க. பெரிய டெலஸ்கோப்ல அதிக உருப்பெருக்கத்துல பாத்தா கோமாவோட வெளி விளிம்பு கரைஞ்சு போய் நடுவை மட்டும் அளப்பீங்க, மங்கலா வரும். பைனாகுலர்ல 7 மேக் காட்டுற காமெட்டை 8 இஞ்ச் டெலஸ்கோப்ல 8 மேக்னு எழுதறவங்க உண்டு, ரெண்டு பேரும் பொய் சொல்லல.

வெளிச்சத்தோட கூட இன்னும் ரெண்டு விஷயம் எழுதணும். ஒண்ணு கோமாவோட அகலம், ஆர்க் மினிட்ல (ஒரு டிகிரியில 60ல ஒரு பங்கு). இதுக்கு நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு ரெடிமேட் ஸ்கேல் இருக்கு, கல்யாணத்துல அருந்ததி காட்டுவாங்கல்ல, அந்த வசிஷ்டர்-அருந்ததி ரெண்டுக்கும் நடுவுல 12 ஆர்க் மினிட். அந்த இடைவெளியை பைனாகுலர்ல பாத்து மனசுல வச்சுக்கங்க, காமெட் அதுல பாதியா, ஒண்ணரை மடங்கான்னு சொல்லிடலாம். இன்னொண்ணு அடர்த்தி, 0ல இருந்து 9 வரைக்கும் ஒரு எண். மேடே இல்லாம ஒரே சீரா பரவியிருந்தா 0, நட்சத்திரம் மாதிரி புள்ளியா இருந்தா 9. இந்த எண்ணை சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு காமெட்டோட வெளிச்சம் அப்படியே இருந்து, அடர்த்தி மட்டும் 6, 4, 2ன்னு இறங்கிக்கிட்டே வந்தா நடுக்கட்டி காலியாகுதுன்னு சந்தேகப்படணும், உடையற காமெட் பலதும் இப்படித்தான் காட்டிக் கொடுக்குது. வால் தெரிஞ்சா நீளம் எத்தனை டிகிரி, எந்தத் திசைன்னும் எழுதுங்க.

தேதி, நேரம் யூ.டி.ல (உலகப் பொது நேரம்), அதுவும் நாளோட தசமமா எழுதறது வழக்கம். நம்ம நேரத்துல அஞ்சரை மணி கழிச்சா யூ.டி. அக்டோபர் 20 ராத்திரி 7.15னா மதியம் 1.45 யூ.டி., அது 20.57. கூடவே எந்த முறை, எந்த கருவி, எத்தனை உருப்பெருக்கம், நட்சத்திர மேக்னிட்யூட் எந்த கேட்டலாக்ல எடுத்தீங்கன்னும் போடணும். வானம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி, மெல்லிய மேகம் இருந்தா மறைக்காம எழுதுங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லுவேன். அளக்கறதுக்கு முன்னாடி மத்தவங்க அன்னிக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பாக்காதீங்க, ஆப் நம்பரையும் பாக்காதீங்க. 5.5ன்னு மனசுல விழுந்துட்டா கண்ணு 5.5ஐத்தான் கொண்டு வரும். எல்லாரும் அப்படி ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் போட்டுட்டு இருந்தா, ஒய்4 மடங்குன மாதிரி ஒண்ணு நடக்கறப்போ யார் கண்ணுலயும் படாது. தேடியும் தெரியலன்னா அதையும் எழுதுங்க, அந்த இடத்துல எத்தனை மேக் நட்சத்திரம் வரைக்கும் தெரிஞ்சுதுன்னு சேர்த்து. அதை விட மங்கல்ங்கறதும் ஒரு அளவுதான்.

தினமும் அளக்கணும்னு இல்ல, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை போதும், பௌர்ணமியை ஒட்டி ஒரு வாரம் விட்டுடலாம். ஆனா ஏதாவது வெடிப்புன்னு தகவல் வந்தா அன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட அளக்கலாம். 2023 ஜூலையில பான்ஸ்-புரூக்ஸ் காமெட், 71 வருஷத்துக்கு ஒருமுறை வர்றது, திடீர்னு சுமார் 100 மடங்கு ஏறுச்சு, கோமாவுல ரெண்டு கொம்பு மாதிரி தெரிஞ்சதால பேய் காமெட்னு பேப்பர்ல வந்துச்சு. அதுக்கப்புறமும் பல தடவை வெடிச்சுது, ஒவ்வொரு தடவையும் முதல்ல கவனிச்சது பெரும்பாலும் அமெச்சூர்தான்.

புள்ளிங்க சேர்ந்ததும் வரைபடம் போடுங்க, ஆனா அளந்த மேக்கை அப்படியே போடாதீங்க. பூமி தூரத்தால வர்ற மாற்றத்தை முதல்ல கழிக்கணும், தூரத்தை ஏ.யூ.ல எடுத்து அதோட லாக்கை (10 அடிமான லாக்) 5ஆல பெருக்கி மேக்ல இருந்து கழிச்சா, காமெட் ஒரு ஏ.யூ. தள்ளி இருந்தா எவ்ளோ தெரியும்ங்கறது வந்துடும். தூரம் எல்லாம் நாசாவோட ஹொரைசன்ஸ்ங்கற இணையதளத்துல தேதி போட்டா கிடைக்கும். இப்போ கிடைமட்டத்துல சூரிய தூரத்தோட லாக், செங்குத்துல இந்த திருத்துன மேக். புள்ளிங்க ஒரு நேர்கோட்டுல விழுந்தா அதோட சரிவுதான் அந்தக் காமெட்டோட குணம். சரிவு 10 வந்தா முன்னாடி சொன்ன 16 மடங்கு ரகம், அதை விடக் குறைவுனா மந்தம், அதிகம்னா வேகமா ஏறுது. சூரியனைத் தாண்டுனதுக்கு அப்புறம் வேற சரிவு வரும், ஹாலி மாதிரி சிலது சூரியனைத் தாண்டுன பிறகுதான் கூடுதல் வெளிச்சமா இருக்கும், அதனால முன்னாடி பாதி, பின்னாடி பாதியைத் தனித்தனியா போடுங்க. உங்க சொந்தப் புள்ளிங்கள்ல இருந்து ஒரு காமெட்டோட சரிவு வெளிய வர்றப்போ இருக்கற சந்தோஷம் இருக்கே, அழகான போட்டோ எடுத்தா கூட எனக்கு அது கிடைக்காது.

அனுப்பறதுக்கு காப்ஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, ஸ்லோவேனியாவுல இருக்கற சிர்னி வர்க் அப்சர்வேட்டரி நடத்துது, கணக்கு திறந்தா யார் வேணா அனுப்பலாம், உலகம் பூரா உள்ளவங்க அளவோட உங்க புள்ளியும் கர்வ்ல சேரும், ஆராய்ச்சி பண்றவங்களும் அதை எடுத்துக்கறாங்க. நம்ம அட்சரேகைக்கு இதுல ஒரு தனி மதிப்பு உண்டு. அளக்கறவங்க நிறைய பேர் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவுல வடக்க இருக்காங்க, தெற்கு வானத்துக்குப் போன காமெட் அவங்க அடிவானத்துக்குக் கீழ போயிடும். தமிழ்நாடும் இலங்கையும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கறதால நமக்கு ரெண்டு வானமும் கிடைக்குது. ஒரு காமெட்டுக்கு தன் பேர் வாங்குன வைணு பாப்பு நம்ம சென்னையில பிறந்தவர், 1949ல ஹார்வர்டுல படிக்கறப்போ எடுத்த போட்டோத் தட்டுல கண்டுபிடிச்சார், பாப்பு-பாக்-நியூகர்க்னு பேரு. அப்புறம் அவர்தான் ஜவ்வாது மலையில காவலூர் அப்சர்வேட்டரிக்கு இடம் பாத்து அமைச்சவர். அந்த மலைப்பக்கம் போக முடிஞ்சா வானம் இன்னும் ஓரளவு இருட்டாதான் இருக்கு.

கேமராவுல அளக்கலாமான்னும் கேப்பீங்க. அளக்கலாம், டிஎஸ்எல்ஆர்லயோ சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப்லயோ எடுத்த படத்துல பச்சை சேனலை மட்டும் எடுத்து அளந்தா கண்ணு பாக்கறதுக்கு ஓரளவு கிட்ட வரும், ஏன்னா கோமாவுல இருக்கற டைகார்பன் வாயு பச்சையிலதான் ஒளிருது, கண்ணும் அங்கதான் கூர்மை. ஒரே நிபந்தனை, சாஃப்ட்வேர்ல நீங்க போடற வட்டம் கோமா முழுசையும் அணைக்கணும். சின்ன வட்டம் போட்டா நடுவை மட்டும் அளந்து ரெண்டு மூணு மேக் மங்கலா சொல்லும், மத்தவங்க புள்ளியோட சேரவே சேராது. போன் கேமரா தானா படத்தை மெருகு போடறதால அளக்கறதுக்கு ஆகாது, எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க மட்டும் வச்சுக்கங்க.

காமெட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே பழகலாம். ஒமேகா சென்டாரி 3.9 மேக், தென் தமிழ்நாட்டுல இருந்து ஏப்ரல், மே ராத்திரியில தெற்குல நல்ல உயரத்துல நிக்கும். எம்13 5.8 மேக். ரெண்டும் நட்சத்திரக் கொத்து, பாக்க காமெட் மாதிரியே பஞ்சு உருண்டை, விடையும் முன்னாடியே தெரியும், சிட்விக் முறையில அளந்து எவ்ளோ பக்கத்துல வர்றீங்கன்னு பாருங்க. அப்புறம் நிஜ காமெட்டுக்கு, 2026 ஆகஸ்ட் தொடக்கத்துல சூரியனை நெருங்கற டெம்பெல் 2 ஒண்ணு, 2027 பிப்ரவரியில வர்ற என்கே ஒண்ணு, ரெண்டும் திரும்பத் திரும்ப வந்து போற குறுகிய கால காமெட், பைனாகுலரும் இருட்டு வானமும் இருந்தா முயற்சி பண்ணலாம். 8 இஞ்ச்சோ அதுக்கு மேலயோ டெலஸ்கோப் வச்சிருக்கறவங்க ஸ்வாஸ்மன்-வாக்மன் 1ஐப் பாருங்க, சுமார் 6 ஏ.யூ.ல கிட்டத்தட்ட வட்டமா சுத்திக்கிட்டே வருஷத்துக்குப் பல தடவை வெடிக்கற காமெட் அது, வெடிப்பு தகவல் வந்த ராத்திரியே தொடர்ந்து அளக்க ஆரம்பிங்க.